போத்தலுக்குள் யார்?

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. 16 நாள் திருவிழா. கரைக்கும் தீவுக்கும் இடையே லோஞ்சுகள் ஓய்வில்லாமல் ஓடும். சோளகக் காற்று அடிக்கும் காலம் அது. ஆனாலும் லோஞ்சின் கீழ்த்தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தவருக்குக் காற்று எட்டாது, மணம்தான் எட்டும். டீசல், உப்புத் தண்ணீர், நனைந்த கயிறு, மல்லிகைச் சரம், மடியில் இருக்கும் கற்பூரப் பொதி, யாரோ ஒரு ஆச்சி கைலேஞ்சியில் நனைத்து வைத்திருக்கும் ஓடிக்கொலோன். இவற்றுக்கு நடுவே ரொறன்ரோவில் இருந்தோ பாரிசில் இருந்தோ விடுமுறைக்கு வந்த ஒருவர் ஏறி உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்: "ஆள் வெளிநாடு."

சென்ட் அவ்வளவு விரைவாகத் தகவல் சொல்கிறது. ஆனால் பக்கத்து ஆள் உண்மையில் கண்டுபிடித்தது என்ன? எங்கிருந்து வந்தவர், கையில் காசு புழங்குகிறதா என்ற இரண்டும்தான். வந்தவர் கோபக்காரரா, கூச்சக்காரரா, சொன்ன சொல் காப்பவரா என்பதைப் பற்றி அந்த மணம் வாய் திறக்கவில்லை. விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களை விற்கும் நிறுவனங்களோ, அதுவும் போத்தலுக்குள் இருக்கிறது என்றுதான் நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. மரவாசனை பிடித்தவர் தலைமைக் குணம் உள்ளவராம். பூவாசனை பிடித்தவர் மென்மையானவராம். எலுமிச்சை வாசனை பிடித்தவர் கலகலப்பானவராம். வாரபலன் எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கை நன்றாகவே வரும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மணத்தை அச்சிட முடியாது, திரையில் காட்ட முடியாது. ஆகவே விளம்பரம் மணத்தை விட்டுவிட்டு ஆளைக் காட்டுகிறது. 1921இல் ஏர்னஸ்ட் போ என்ற வாசனைக் கலைஞர் கப்ரியேல் ஷனெலுக்காகச் செய்த 'ஷனெல் நம்பர் 5' இதற்கு நல்ல உதாரணம். மல்லிகையும் ரோஜாவும் போட்டு, அவற்றின் மேல் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மூலக்கூறுகளைத் தாராளமாகச் சேர்த்த கலவை அது. ஆனால் உலகம் அதை நினைவில் வைத்திருப்பது ஆல்டிஹைடுக்காக அல்ல, நடிகை மர்லின் மன்றோவுக்காக. 1973இல் ரெவ்லொன் நிறுவனம் 'சார்லி' என்ற சென்டைக் கொண்டுவந்தபோது விளம்பரத்தில் காற்சட்டை போட்ட பெண் ஒருத்தி தெருவில் எட்டி நடந்தாள். வேலைக்குப் போகும், சொந்தக் காலில் நிற்கும் பெண்ணுக்கான சென்ட் என்று அது விற்றது. போத்தலுக்குள் இருந்த திரவத்துக்கும் பெண்ணின் சம்பளத்துக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆய்வாளர்கள் கேட்டார்கள். விடை விளம்பரக்காரர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை.

போலந்தின் விரொட்ஸ்வாவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்னியெஷ்கா சொரோகோவ்ஸ்காவும் அவரது சகாக்களும் 2012இல் ஒரு வேடிக்கையான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரைப் பார்க்காமல், அவர் உடுத்திய உடுப்பை மட்டும் முகர்ந்து அவரது குணத்தைச் சொல்ல முடியுமா? சென்ட், வாசனைச் சவுக்காரம் எதுவும் பாவிக்காமல் மூன்று இரவுகள் ஒரே டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு தூங்கியவர்களின் உடுப்புகளை வேறு சிலர் முகர்ந்து மதிப்பெண் போட்டார்கள். ஆளுமை பற்றிய மதிப்பீடுகளில் சில, தற்செயலாக நடக்கக்கூடியதைவிடச் சற்று அதிகமாகவே பொருந்தின. எளிதில் பதறும் குணமும் அடுத்தவரை அடக்கி ஆளும் குணமும் வியர்வையில் ஏதோ தடம் விட்டிருந்தன. பதற்றம் ஹோர்மோன்களையும் வியர்வைச் சுரப்பையும் மாற்றும் என்பதால் இதில் பெரிய மாயம் இல்லை.

2016இல் அதே குழு அடுத்த படிக்குப் போனது. 113 பேர் இரண்டு மாதிரிகள் கொடுத்தார்கள். ஒன்று வெறும் உடல் மணம். மற்றது வழக்கம்போலச் சென்டும் வாசனைப் பொருட்களும் பாவித்த பின் எடுத்தது. முகர்ந்தவர்கள் 67 பேர். இத்தகைய பொருத்தத்தை அளக்கும் எண் 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். அடக்கி ஆளும் குணத்தைக் கணிப்பதில் வெறும் உடல் மணத்துக்கு 0.34 கிடைத்தது, வாசனை சேர்ந்தபோது அது 0.21க்கு இறங்கியது. பதறும் குணத்துக்கு 0.20 இருந்தது 0.15 ஆனது. கலகலப்பான குணத்தை இரண்டு வகையிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்கள் எல்லாமே சிறியவை, இவற்றை வைத்து யாருக்கும் பெண் கொடுக்க முடியாது. ஆனால் போகும் திசை தெளிவு. வாசனைத் திரவியம் ஆளின் குணத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை, இருந்த சிறு தடயத்தையும் மங்கச் செய்தது.

நயினாதீவில் இந்தச் சோதனையை யாரும் நடத்தவில்லை. ஆனால் அதன் இரண்டு நிலைகளும் ஒவ்வொரு திருவிழாவிலும் அங்கே நடக்கின்றன. லோஞ்சில் சேர்ட்டின் கழுத்துப்பட்டியில் நூறு டொலர் சென்டோடு வந்தவர் கோயில் வாசலில் மேற்சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொள்கிறார். வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக உள்ளே போகிறார். சென்ட் சேர்ட்டோடு சுருண்டுவிட்டது. எஞ்சியது சந்தனமும் வியர்வையும். சுவிஸ்காரரும் அனலைதீவுக் கடற்றொழிலாளியும் அந்தக் கூட்டத்தில் மூக்குக்கு அநேகமாக ஒன்றுதான்.

அந்த வியர்வை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெயிலில் உடம்பு முழுதும் வழியும் வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அதற்கு மணம் குறைவு. கமக்கட்டில் உள்ள வேறு வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒன்றைச் சிறிதளவு விடுகின்றன. புதிதாக வரும்போது அதற்கும் மணமில்லை. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், முக்கியமாகக் கொரினிபாக்டீரியங்கள், அதை உடைத்துச் சிறு அமிலங்களாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் மாற்றும்போதுதான் மூக்கு சுளிக்கிறது. எந்த பாக்டீரியா, எவ்வளவு, எந்த விகிதத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மரபணுவும் அதில் கை வைக்கிறது. ஒரே போத்தலில் இருந்து இரண்டு சகோதரிகள் அடித்துக்கொண்டாலும் மாலையில் இரண்டு வேறு மணங்கள் வீட்டுக்குத் திரும்புவது இதனால்தான்.

யாழ்ப்பாணத் தீவுகளான தீவகத்தில் இருந்து புலம்பெயர்ந்தவர்கள் நிறையப்பேர் வாழும் நாடு சுவிற்சர்லாந்து. அங்கே பேர்ன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கிளவுஸ் வெடெகிண்ட் செய்த டீசேர்ட் சோதனை உலகப் புகழ் பெற்றது. 44 ஆண்கள் இரண்டு இரவுகள் அணிந்த டீசேர்ட்டுகளை 49 பெண்கள் முகர்ந்தார்கள். நோய் எதிர்ப்பில் பங்குள்ள ஒரு மரபணுத் தொகுதி தங்களுடையதில் இருந்து வேறுபட்ட ஆண்களின் மணத்தையே பெண்கள் கூடுதலாக விரும்பினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சில இதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. சென்ட் விரும்பிகளுக்குச் சுவையானது 2001இல் வெடெகிண்ட், மன்ஃபிரெட் மிலின்ஸ்கியோடு சேர்ந்து வெளியிட்ட அடுத்த ஆய்வு. 137 மாணவர்களிடம் 36 வாசனைப் பொருட்களைக் கொடுத்து, "இதை நீங்கள் பூசிக்கொள்வீர்களா?" என்று கேட்டார்கள். தெரிவுகள் அதே மரபணுத் தொகுதியோடு ஒத்துப்போயின. "உங்கள் துணை இதைப் பூசினால் பிடிக்குமா?" என்று கேட்டபோது அந்த ஒத்திசைவு பெரும்பாலும் காணாமல் போனது. தனக்கென்று சென்ட் வாங்குகிறவர் தன் உடல் மணத்துக்கு ஒலிபெருக்கி தேடுகிறார் போலும் என்பது அவர்களின் ஊகம்.

2012இல் பிராக் நகரில் நடந்த இன்னொரு ஆய்வு இதைத் தோலில் வைத்தே பார்த்தது. ஒரு சமயம் கமக்கட்டில் சொந்தமாகத் தேர்ந்த சென்ட், மற்றொரு சமயம் ஆய்வாளர்கள் கொடுத்த சென்ட். போத்தலில் முகர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இனிமையானவைதான். ஆனால் உடம்போடு கலந்தபின் சொந்தத் தெரிவுதான் வென்றது. ஆகவே அண்ணாவுக்குப் பொருந்தியது தம்பிக்கும் பொருந்தும் என்று விமான நிலையக் கடையில் அரை டசின் ஒரே சென்ட் வாங்கும் பழக்கத்தில் அறிவியல் குறைவு, அன்பு மட்டும் மிகுதி.

அப்படியானால் சென்டுக்கும் ஆளுமைக்கும் தொடர்பே கிடையாதா? இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து வருகிறது. 2009இல் லிவர்பூலில் கிரெய்க் ரொபேட்ஸ் குழு இளைஞர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு வாசனை சேர்த்த வியர்வை நீக்கியையும் மறுபகுதிக்கு வாசனையும் கிருமி நீக்கியும் இல்லாத ஒன்றையும் கொடுத்தது. சில நாட்களில் முதல் பகுதியினர் தங்களைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கை கொண்டார்கள். அவர்களை ஒலியில்லாத காணொளியில் பார்த்த பெண்களும் அவர்களையே கவர்ச்சியானவர்கள் என்றார்கள். காணொளியில் மணம் வராது. அசையாத நிழற்படங்களை மட்டும் காட்டியபோது இரண்டு பகுதியினருக்கும் வேறுபாடு இல்லை. மாறியிருந்தது அவர்களின் அசைவும் நடத்தையும்தான். சென்ட் குணத்தை வெளிக்காட்டுவதைவிட, பூசியவர் அந்த நாளில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தொட்டு மாற்றுகிறது. விளம்பரம் சொல்வதில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

இனி மூக்கின் பக்கம். 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் மணங்களை உணரும் ஏற்பிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், ஒரு ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு விடை சொல்லும். அந்தக் கூட்டுத் தட்டலைத்தான் மூளை 'ரோஜா' என்றும் 'கருவாடு' என்றும் வாசிக்கிறது. சிக்கல் என்னவென்றால் இந்த 400இல் எது நன்றாக வேலை செய்கிறது, எது பழுது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. அன்ட்ரொஸ்டெனோன் என்ற பொருள் சிலருக்குச் சிறுநீர் நாற்றம், சிலருக்கு இனிய வனிலா, சிலருக்கு ஒன்றுமே இல்லை. OR7D4 என்ற ஒரே ஏற்பியின் மரபணு வேறுபாடு இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று 2007இல் காட்டினார்கள். வயலெட் பூ மணத்தைத் தரும் பீட்டா-அயோனோனும், சென்டுகளின் அடியில் கிடக்கும் சில கஸ்தூரி வகைகளும் இப்படித்தான். அவற்றை முகரவே முடியாதவர்கள் ஏராளம். ஒரு சென்ட் போத்தலில் 50, 100 வகை மூலக்கூறுகள் இருக்கும். லோஞ்சில் பத்துப் பேர் அதை முகர்ந்தால் பத்துச் சென்டுகள் இருக்கின்றன என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

பூசியவரின் மூக்கோ இன்னும் நம்பத்தகாதது. தொடர்ந்து வரும் மணத்தை நரம்பு மண்டலம் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. புதிதாக வருவதைக் கவனிக்கத்தான் அது படைக்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் வாகனம் ஏறும்போது ஒருமுறை, யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது இன்னொருமுறை அடித்துக்கொள்பவர் வீண்பெருமைக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே மணக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் தலையிடிதான் சரியான அளவுகோல்.

செடிகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நெடுந்தீவில் ஒரு பெரிய பெருக்குமரம் நிற்கிறது. ஆபிரிக்கக் கண்டத்துக்கு உரிய அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அதன் வெள்ளைப் பூக்கள் அந்தி சாய்ந்தபின் விரிந்து ஓரிரவு மட்டும் தொங்கும். அவற்றின் மணத்தில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. மனித மூக்குக்கு அது புளித்தும் அழுகியும் தெரியும். எந்தச் சென்ட் வீடும் அதை வாங்காது. பூ அதைப் பழந்தின்னி வௌவாலுக்காகத் தயாரித்தது. மல்லிகை இரவில் விட்டில்களுக்காக மணக்கிறது; மனிதப் பெண்ணின் கொண்டை அதன் திட்டத்தில் கிடையாது. எழுதியவர் யாராயிருந்தாலும் மணம் முகர்கிறவரின் மூளையில்தான் பொருளாகிறது.

மனிதர்களில் அந்தப் பொருளைப் பெரும்பாலும் வளர்ப்பு எழுதிவிடுகிறது. மூக்கில் இருந்து போகும் நரம்புச் செய்தி, பார்வையும் கேள்வியும் போல மூளையின் நடுவில் உள்ள தலாமசு என்ற சந்தியில் முதலில் நிற்பதில்லை. உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் அமிக்டலா, ஹிப்போகேம்பசு பகுதிகளுக்கு நேராக ஓடிவிடுகிறது. 2000இல் பிரான்சில் பெனுவா ஷால் குழு காட்டியது போல, கர்ப்ப காலத்தில் சோம்பு வகை மணமுள்ள உணவு உண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் தலை திருப்பின. பெரஞ்சீரகம் போட்ட கறித்தூளின் மணத்தோடு சூரிச்சில் பிறந்த பிள்ளைக்குத் தீவகத்து வேலணை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் மூக்குக்கு ஒரு முகவரி ஏற்கெனவே இருக்கலாம்.

சாம்பிராணியை எடுத்துக்கொள்வோம். ஸ்டைரக்ஸ் மரத்தின் பிசின் அது. வனிலின் என்ற பொருள் அதில் உண்டு. பாரிசின் கெர்லன் வீடு 1925இல் வெளியிட்டு இன்றும் விற்கும் 'ஷாலிமார்' போன்ற சென்டுகளின் வெதுவெதுப்பான அடிமணம் இந்தப் பிசின், லாப்டனம் என்ற செடிப்பிசின், வனிலா ஆகியவற்றின் கூட்டில் இருந்து வருகிறது. 'அம்பர்' என்று பெட்டியில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தான். ஐரோப்பிய விளம்பரம் அதை மயக்கும் பெண்ணின் மணம் என்கிறது. தீவகத்தில் அதே பிசின் வெள்ளிக்கிழமை தலை முழுகிய சிறுமியின் கூந்தலில் காய்கிறது, ஆசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊர்காவற்றுறையில் தேவாலயத்தில் வளர்ந்தவருக்குத் தூபக்கலசத்தின் புகை பூசைக்கும் அடக்கச் சடங்குக்கும் உரியது. மயக்கும் குணத்துக்காக வாங்கிய போத்தல் மாமியாருக்குச் சுவாமி அறையை நினைவூட்டினால் தவறு யாருடையதும் அல்ல.

உலகமெங்கும் இப்படித்தான். வின்டர்கிரீன் எண்ணெயின் மணம் அமெரிக்கருக்கு மிட்டாய். பிரித்தானியருக்கோ அது வலி நிவாரணி பூசிய காலங்களின் மணம். முன்னவர் அதை விரும்பினார்கள், பின்னவர் வெறுத்தார்கள் என்பது 1960கள், 70களின் ஆய்வுகளில் தெரிந்தது. மூட்டுவலித் தைலம் தேய்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்து மூக்கு யார் பக்கம் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயருக்கும் விலைக்கும் உள்ள சக்தியும் சிறியதல்ல. 2005இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஒரே அமில மணத்தை ஒருமுறை 'செடார் சீஸ்' என்றும் மறுமுறை 'உடல் நாற்றம்' என்றும் எழுத்துக் காட்டி முகரச் செய்தார்கள். முதல் பெயரில் அது இனித்தது. மூளை ஸ்கானிலும் வேறுபாடு பதிவாகியது. 2008இல் கலிபோர்னியாவில் ஒரே வைனை 5 டொலர் என்றும் 45 டொலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தபோது, விலை கூடிய வைன் அதிகம் ருசித்தது. மகிழ்ச்சியைக் கணக்கிடும் மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. சென்டிலும் விலைச்சீட்டு கலவையின் ஒரு பகுதிதான். ஒருவேளை அதிகம் நிலைத்து நிற்கும் பகுதியும் அதுதான்.

கலவைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தீவுக்காரருக்கு ஒரு சிரிப்பு வரும். பாதிப் பொருட்கள் அவர்களைச் சுற்றியே இருக்கின்றன. மல்லிகையில் இருந்து தொடங்கலாம். ஷான் பத்து நிறுவனத்தின் 'ஜோய்' 1930இல் வந்தபோது ஒரு அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டசின் ரோஜாக்களும் போயின என்று பெருமையடித்தது. இன்று உலகின் சென்ட் வீடுகளுக்கு மல்லிகைச் சாறு போகும் முக்கிய இடங்களில் ஒன்று தமிழ்நாடு. குண்டுமல்லியையும் பிச்சியையும் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒன்றை எடுத்து, அதை மறுபடி மதுசாரத்தில் கழுவி வடிப்பார்கள். ஒரு தொன் பூவுக்குக் கடைசியில் ஒன்றரைக் கிலோ அளவில்தான் மிஞ்சும். அந்தச் சாற்றில் இன்டோல் என்ற பொருள் உண்டு. தனியாகச் செறிவாக முகர்ந்தால் அது பூச்சியுருண்டையும் மலமும் சேர்ந்த நாற்றம். சொட்டாகக் கரைந்திருக்கும்போது அதுதான் பூவுக்கு உயிர். குணங்களைப் பற்றி நியாயமாகப் பேசக்கூடிய மூலக்கூறு ஒன்று உண்டென்றால் இதைச் சொல்லலாம்.

கடலும் பங்கு கொடுத்திருக்கிறது. நயினாதீவுக் கோயிலில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அன்னிய வணிகர் ஊராத்துறையில் வந்து தங்குவது பற்றியும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு என்றும் சட்டம் பேசுகிறது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. இந்தப் பக்கக் கடலின் சங்கைச் சுழியோடிகள் எடுக்க, அது வளையல் அறுக்க வங்காளம் போனது. ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சங்கு வகை உயிர்கள் உள்ளே இழுத்துக்கொண்டு வாயை அடைக்கும் மூடி ஒன்று உண்டு, கருமை படிந்த பெரிய நகம் மாதிரி. அதை வறுத்து வரும் புகையெண்ணெயை வடஇந்தியாவின் கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் பிடித்துவைக்கிறார்கள். தீய்ந்த மயிரும் உப்பும் தோலும் கலந்த மணம். மன்னார் வளைகுடாக் கரையில் இந்த மூடிகளைத் தூபப் பொருளாக விற்க எடுத்துவைப்பது பழைய வழக்கம். விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் சொல்லும் தூபக் கலவையில் ஒரு பொருள் இதுவே என்று கருதும் அறிஞர்கள் பலர்.

பிசின் கூட்டு அல்லாத, அம்பர் என்றே பெயர் பெற்ற திமிங்கிலப் பொருள் மட்டும் தீவகத்தின் ஆழமில்லாக் கடலுக்கு அன்னியம். பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 10, 13 மீற்றர் ஆழம்தான். ஆயிரம் மீற்றருக்குக் கீழே கணவாய் தேடிப் போகும் திமிங்கிலத்துக்கு அது குளம். கணவாயின் செரிக்காத அலகைச் சுற்றிக் குடலில் திரளும் அந்தப் பொருள் வெளியேறி, கடலிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் மிதந்து ஒக்சிசன் ஏற்றபின்தான் மணக்கத் தொடங்கும். அந்த மணத்தின் சாரமான அம்ப்ரொக்சைடைச் சேஜ் இனச் செடி ஒன்றின் பொருளில் இருந்து ஆய்வுகூடத்தில் செய்யும் வழி 1950லேயே வந்துவிட்டது. 2015இல் வந்து உலகெங்கும் விற்றுத் தள்ளும் டியோரின் 'சொவாஜ்' சென்டில் தூக்கலாகத் தெரிவது இந்தச் செயற்கைப் பொருள்தான். இயற்கை அம்பரை வைத்திருப்பதே இந்தியச் சட்டத்தில் குற்றம்; தமிழ்நாட்டுக் கரையில் ஆட்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது.

தீவகத்து வெயில் சென்டின் கால அட்டவணையையும் மாற்றிவிடும். எலுமிச்சைத் தோலின் லிமோனீன் போன்ற எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் பறக்கும், பூமணங்கள் அடுத்து, சந்தனம், கஸ்தூரி, அம்ப்ரொக்சைடு போன்ற கனமானவை கடைசிவரை தோலில் கிடக்கும். பாரிசின் குளிரில் முதற்கட்டம் அரைமணி நேரம் ஓடினால், சூடான தோலும் சோளகக் காற்றும் சேர்ந்தால் குறிகட்டுவானில் ரிக்கற் எடுக்கும் முன் அது முடிந்துவிடும். விற்பனைக்காரர் கடையின் காகிதத் துண்டில் முகரத் தந்த அழகான தொடக்கம் தீவுக்கு வந்து சேர்வதே இல்லை. இங்கே ஆளைச் சுற்றி நிற்பது அடிமணம்தான். கடையில் வாங்கும்போது தோலில் பூசி இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து முடிவெடுப்பது எங்கும் நல்லது, தீவகத்துக்கு அவசியம்.

வாங்கிவந்த போத்தல்களின் பிற்காலம் இன்னொரு கதை. பல வீடுகளில் அவை கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கின்றன: பெரியப்பாவின் மகன் 2009இல் கொண்டுவந்தது, லண்டன் மச்சாள் அனுப்பியது, பாதி கூடக் குறையாமல். நல்ல நாளுக்கு என்று வைத்தவை. வெளிச்சமும் வெப்பமும் சென்டுக்கு எதிரி. லிமோனீனும் லினலூலும் காற்றுப்பட்டு ஒக்சிசனோடு சேர்ந்தால் ஹைட்ரோபெரொக்சைடுகள் உண்டாகும். தோல் ஒவ்வாமை தருவதில் மூலப்பொருளைவிட இவை மோசம். நிறம் கறுத்து, அடித்தவுடன் வினாகிரி போலவோ பழைய எண்ணெய் போலவோ மூக்கில் ஏறினால் அந்தப் போத்தலைக் கைவிட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம். பழைய வகை ஓடிக்கொலோன்களில் பெர்கமொட் எண்ணெய் இருந்தால் எச்சரிக்கை கூட வேண்டும். அதிலுள்ள பெர்கப்டன் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, கழுத்தில் வழிந்த தடத்திலேயே கபிலநிறத் தழும்பை மாதக்கணக்கில் விட்டுவைக்கும். இப்போதைய தரமான தயாரிப்புகளில் அதை நீக்கியோ மட்டுப்படுத்தியோ விடுகிறார்கள். ஆனாலும் மதிய வெயிலில் தேர் பார்க்கப் போகிறவர் கழுத்தை விட்டுவிட்டு உடுப்பில் அடித்துக்கொள்வது நல்லது. பட்டில் வேண்டாம், எண்ணெய்க் கறை படியும்; பருத்தியில் அடிக்கலாம்.